கணினி மொழிகளின் கதை – 19: பிழை திருத்தப் பிறந்த வேகம்

சென்ற இதழை ஸ்மால்டாக் மொழியோடு நிறுத்தியிருந்தோம். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் பிறந்த அந்த மொழியின் அழகைக் குறைசொன்னவர் அரிது. குறை அதன் வேகத்தில் இருந்தது. அன்றைய சாதாரணக் கணினிகளில் அது தள்ளாடித் தள்ளாடித்தான் நடந்தது. அந்தத் தள்ளாட்டத்தைத் தீர்க்கப் புறப்பட்டவர்களின் கதை 1984-ல் தொடங்கி 1999 வரை நீள்கிறது. நம் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போன், அதில் இணையப் பக்கங்களைக் காட்டும் ப்ரௌசர், வங்கி சர்வர்களில் இரவும் பகலும் ஓடும் ஜாவா நிரல்கள் மூன்றும் இந்தக் கதையின் வாரிசுகள். இந்தத் தொடரைத் தொடங்கிய நாளிலிருந்து எழுதக் காத்திருந்த அத்தியாயம் இது.

முதலில் சிக்கலைப் புரிந்துகொள்வோம். மனிதர் எழுதும் நிரலைச் சில்லுக்குப் புரியவைக்கப் பழைய வழிகள் இரண்டு. ஒன்று, 1957-ல் ஐ.பி.எம். வெளியிட்ட ஃபோர்ட்ரான் காட்டிய வழி: ஓட்டுவதற்கு முன்பே நிரல் முழுவதையும் கம்பைலர் இயந்திர மொழிக்கு மாற்றிவிடும். வேகமாக ஓடும், ஆனால் ஒரு வகைச் சில்லுக்காக மாற்றியது இன்னொரு வகையில் ஓடாது. மற்றொன்று, இன்டர்பிரெட்டர்: நிரலை ஒவ்வொரு கட்டளையாகப் படித்து, அந்தந்தக் கணத்தில் அதற்குரிய வேலையைச் செய்யும். எங்கும் ஓடும், ஆனால் மெதுவாக. ஒரே வரி ஆயிரம் முறை வந்தால் ஆயிரம் முறையும் அதைப் புதிதாகப் படித்துப் பொருள்கொள்ள வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை 1960களிலேயே போடப்பட்டது. இங்கிலாந்தின் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1967-ல் உருவாக்கிய பி.சி.பி.எல். மொழி, நிரலை முதலில் எந்தச் சில்லுக்கும் சொந்தமில்லாத ஓர் இடைமொழிக்கு மாற்றியது. 1970களின் பிற்பகுதியில் பிரபலமான யு.சி.எஸ்.டி. பாஸ்கல் அதே வழியில் நடந்தது. ஸ்மால்டாக்-80 அமைப்பும் தன் நிரல்களை ஒன்று முதல் மூன்று பைட் வரை அளவுள்ள சிறு கட்டளைகளாக மாற்றி வைத்துக்கொண்டது. இவற்றைத்தான் பைட்கோடு என்கிறோம். பைட்கோடை ஓட்டும் மென்பொருளுக்கு விர்ச்சுவல் மெஷின் என்று பெயர்; கற்பனையான ஒரு சில்லை அது மென்பொருளால் நடித்துக் காட்டுகிறது. இடம்பெயர்வது சுலபமாயிற்று. வேகம் மட்டும் வரவில்லை.

1984 ஜனவரியில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் நடந்த நிரல்மொழி ஆய்வு மாநாட்டில் பீட்டர் டாய்ட்ச், ஆலன் ஷிஃப்மன் இருவரும் ஒரு கட்டுரை படித்தார்கள். மோட்டரோலா 68000 குடும்பச் சில்லில் ஸ்மால்டாக்கை ஓட்டிய அனுபவம் அது. அவர்கள் செய்தது இதுதான்: ஒரு மெத்தட், அதாவது நிரலின் ஒரு செயற்கூறு, முதல்முறை அழைக்கப்படும்போது அதன் பைட்கோடை அங்கேயே இயந்திர மொழிக்கு மாற்றி நினைவகத்தில் வைத்துவிடுவது. அடுத்த அழைப்பிலிருந்து அந்த இயந்திர மொழியே நேரடியாக ஓடும். நினைவகம் நிரம்பினால் மாற்றியதைத் தூக்கி எறிந்துவிட்டு, தேவைப்படும்போது மறுபடியும் மாற்றிக்கொள்வது. ஓட்டத்தின் நடுவே மொழிமாற்றும் யோசனை அதற்கு முன்பும் இருந்தது. கென் தாம்சன் 1968-லேயே உரையில் சொல் தேடும் வேலைக்கு அதைக் கையாண்டிருக்கிறார். ஆனால் ஒரு முழு மொழியின் அன்றாட ஓட்டத்தையே அதன் மேல் நிறுத்தலாம் என்று எல்லோரும் நம்பும்படி காட்டியது டாய்ட்ச்–ஷிஃப்மன் கட்டுரைதான்.

அந்தக் கட்டுரையில் இன்னொரு யோசனையும் இருந்தது. என் கணக்கில் அது முதலாவதைவிடப் பெரியது. ஸ்மால்டாக்கில் ஓர் ஆப்ஜெக்டுக்கு, அதாவது தரவும் அதற்குரிய செயல்களும் சேர்ந்த ஒரு கட்டுக்கு, ‘பரப்பளவு சொல்’ என்று செய்தி அனுப்பினால், அது வட்டமா, சதுரமா என்று பார்த்து அதற்குரிய மெத்தடைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு தேடல். இந்தத் தேடல்தான் நேரத்தைத் தின்றது. டாய்ட்சும் ஷிஃப்மனும் ஒன்றைக் கவனித்தார்கள்: நிரலின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் சென்ற முறை வட்டம் வந்திருந்தால், இந்த முறையும் பெரும்பாலும் வட்டமே வருகிறது. சுமார் 95 சதவீத நேரம் இது உண்மையாக இருந்தது. டீக்கடையில் வழக்கமாக வருபவரைப் பார்த்ததும் மாஸ்டர் ‘என்ன வேண்டும்’ என்று கேட்காமலே சர்க்கரை குறைத்து ஆற்றத் தொடங்கிவிடுவதில்லையா? வந்தவர் அதே ஆள்தானா என்று முகத்தை மட்டும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். அதேபோல, அழைப்பு நிகழும் இடத்திலேயே சென்ற முறை வந்த இனத்தையும் அதற்குரிய மெத்தடின் முகவரியையும் எழுதி வைத்துவிட்டார்கள். அடுத்த முறை இனம் அதேதானா என்று ஒரு சோதனை. ஆம் என்றால் நேரே பாய்ச்சல். இன்லைன் கேஷ் என்ற பெயரில் இந்த உத்தி இன்றும் உயிரோடிருக்கிறது.

நிரல் இனி என்ன செய்யும் என்பதை அது இதுவரை செய்ததைப் பார்த்து ஊகிக்கலாம் என்ற எண்ணம் இங்கேதான் வேரூன்றியது. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த ஆட்களைச் சந்திப்போம்.

டேவிட் உங்கரும் ராண்டல் ஸ்மித்தும் 1986-ல் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் செல்ஃப் என்ற புதிய மொழியை வடிவமைத்தார்கள். 1987-ல் அதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. அதே காலத்தில் மொழியை நிஜமாக ஓட்டிக்காட்டும் பணி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஸ்மால்டாக்கையே இன்னும் சுருக்கி, இன்னும் தூய்மையாக்கிய மொழி செல்ஃப். அதில் கிளாஸ், அதாவது ஆப்ஜெக்டுகளை வார்க்கும் அச்சு, என்பதே கிடையாது. ஏற்கெனவே இருக்கும் ஓர் ஆப்ஜெக்டைப் பிரதியெடுத்துத்தான் புதியது பிறக்கும். ஒரு மாறியின் மதிப்பை எடுப்பதும் செய்தி, இரண்டு எண்களைக் கூட்டுவதும் செய்தி, ‘இப்படியானால் அப்படிச் செய்’ என்பதும் செய்தி. எல்லாமே செய்தி என்றால் எல்லாவற்றுக்கும் தேடல். வேகத்தைப் பற்றிக் கவலைப்படுகிற எவரும் இப்படியொரு மொழியை வடிவமைக்கத் துணிய மாட்டார். உங்கர் வேகம் தெரியாதவர் அல்ல. பெர்க்லியில் ஸ்மால்டாக்குக்கென்றே ஒரு சில்லை வடிவமைத்த சோர் திட்டத்தில் உழைத்து முனைவர் பட்டம் பெற்றவர். தெரிந்தேதான் துணிந்தார். எழுதுபவருக்கு எது எளிமையோ அதுதான் மொழி. அதை வேகமாக ஓட்டுவது எங்கள் பாடு என்பது அந்தக் குழுவின் உறுதி.

பாடு பெரும்பாடாக இருந்தது. ஸ்டான்ஃபோர்டில் கிரெய்க் சேம்பர்ஸ் என்ற மாணவர் எழுதிய கம்பைலர், ஒரே மெத்தடுக்கான அழைப்பைப் பெறும் ஒவ்வொரு வகை ஆப்ஜெக்டுக்கும் தனித்தனியாக மொழிமாற்றியது. கிளாஸ் இல்லாத மொழியில் ஆப்ஜெக்டுகளின் அமைப்பை அடையாளம் காண, ஒரே அமைப்புள்ளவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வரைபடத்தைப் பின்னணியில் வைத்தது. 1989-ல் வெளியான இந்த வேலை, செல்ஃபை அன்றைய ஸ்மால்டாக் அமைப்புகளைவிட வேகமாக ஓடவைத்தது. அடுத்து வந்த மேம்பாடுகளில் சிறிய சோதனை நிரல்கள் சி மொழியின் வேகத்தில் பாதியைத் தொட்டன. எல்லாமே செய்தியாக இருக்கும் ஒரு மொழிக்கு அது நம்பமுடியாத உயரம். ஆனால் அந்தக் கம்பைலர் அத்தனை ஆழமாக யோசித்ததால், நிரல் ஓடும்போது பொத்தானை அழுத்தினால் மொழிமாற்றம் முடியும்வரை திரை உறைந்து நிற்கும். எழுதுபவரின் வசதிக்காகப் பிறந்த மொழியில் எழுதுபவரே கைகட்டிக் காத்திருக்க நேர்ந்தது.

இந்த இடத்தில் வந்து சேர்ந்தவர் உர்ஸ் ஹோல்ஸ்லே. சுவிட்சர்லாந்திலிருந்து ஸ்டான்ஃபோர்டுக்குப் படிக்க வந்தவர். 1991-ல் செல்ஃப் குழு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்துக்கு இடம்பெயர்ந்தது. டென்மார்க்கின் ஓர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் படித்த லார்ஸ் பாக்கும் அங்கே சேர்ந்தார். ஹோல்ஸ்லேயின் யோசனை இரண்டு படிகளாக இருந்தது. முதல் படியில், மிக விரைவாக வேலை முடிக்கும் எளிய கம்பைலர் எல்லாவற்றையும் சுமாரான இயந்திர மொழிக்கு மாற்றிவிடும். ஒவ்வொரு மெத்தடிலும் ஓர் எண்ணி இருக்கும். அழைப்புக்கு ஒன்றாக அது ஏறும். எண்ணிக்கை வரம்பைத் தாண்டிய மெத்தடை மட்டும் இரண்டாம் கம்பைலர் கையிலெடுத்து நிதானமாகச் செதுக்கும், அதாவது வேகத்துக்காக மெருகேற்றும். டொனால்ட் க்னூத் 1971-ல் ஃபோர்ட்ரான் நிரல்களை ஆராய்ந்து சொன்னது இதற்கு அடித்தளம்: ஒரு நிரலின் ஓட்ட நேரத்தில் பாதிக்கு மேல், அதன் நான்கு சதவீதத்துக்கும் குறைவான பகுதியிலேயே கழிகிறது. எங்கே சூடு இருக்கிறதோ அங்கே மட்டும் உழைத்தால் போதும்.

அந்த இரண்டாம் கம்பைலருக்கு ஒரு பெரிய வசதி இருந்தது. முதல் படி ஓடிய காலம் முழுவதும், எந்த இடத்தில் எந்த வகை ஆப்ஜெக்ட் வந்தது என்ற குறிப்பு இன்லைன் கேஷ்களில் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. சேம்பர்ஸின் கம்பைலர் யோசித்து யோசித்துக் கண்டுபிடிக்க முயன்றதை ஹோல்ஸ்லேயின் கம்பைலர் பார்த்தே தெரிந்துகொண்டது. ‘இங்கே வட்டம்தான் வருகிறது’ என்று தெரிந்தால், அழைப்பையே எடுத்துவிட்டு வட்டத்தின் பரப்பளவுக் கணக்கை அந்த இடத்திலேயே எழுதிவிடலாம். இதை இன்லைன் செய்வது என்பார்கள். இப்படிக் கிடைத்த வேகம், இந்தக் குறிப்புகளைப் பயன்படுத்தாத நிலையைவிட 1.7 மடங்கு என்று ஹோல்ஸ்லேயும் உங்கரும் 1994-ல் எழுதினார்கள்.

இந்த அத்தியாயத்தின் உயிர்நாடி இனிமேல்தான் வருகிறது.

செல்ஃப் குழு ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மறுத்தது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுதுபவர் அதை நிறுத்தலாம்; எந்த மெத்தடில் நிற்கிறது, எந்த மாறியில் என்ன மதிப்பு இருக்கிறது என்று பார்க்கலாம்; ஒரு மெத்தடைத் திருத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மற்ற மொழிகளில் இதற்கு ஒரு சமரசம் வைத்திருந்தார்கள்: பிழை தேடும்போது செதுக்காத மெதுவான வடிவம், வாடிக்கையாளரிடம் கொடுக்கும்போது செதுக்கிய வேகமான வடிவம். செல்ஃபில் பிழை தேடுவதற்கென்று தனி வடிவம் கிடையாது. பிழை தேடும்போதும் சூடான இடங்களில் ஓடுவது செதுக்கியதே.

செதுக்கிய நிரலில் பிழை தேடுவது கொடுமை. எழுதியவர் பத்து மெத்தட் எழுதியிருப்பார். கம்பைலர் அவற்றையெல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாகப் பொதிந்து ஒரே கட்டியாக ஆக்கியிருக்கும். சில மாறிகளைத் தேவையில்லை என்று அழித்திருக்கும். மீதியைச் சில்லின் ரெஜிஸ்டர்கள் என்னும் உள் சேமிப்பிடங்களில் அங்கும் இங்கும் போட்டிருக்கும். நிறுத்திப் பார்த்தால் எழுதியவருக்குத் தன் நிரலே அடையாளம் தெரியாது. 1992-ல் ஹோல்ஸ்லே, சேம்பர்ஸ், உங்கர் மூவரும் இதற்குக் கண்ட தீர்வு: நிறுத்தும் அந்தக் கணத்தில், செதுக்கியதைச் செதுக்காததாகத் திரும்ப மாற்றிவிடுவது. டீஆப்டிமைசேஷன் என்று பெயரிட்டார்கள்.

எப்படி முடிகிறது? கம்பைலர் செதுக்கும்போதே பக்கத்தில் ஓர் அட்டவணை எழுதிக்கொள்கிறது. ‘இந்த இடத்தில் நின்றால், எழுதியவரின் பார்வையில் மூன்று மெத்தட்கள் ஒன்றையொன்று அழைத்த நிலையில் இருக்கின்றன, முதலாவதின் மொத்தம் என்ற மாறி இந்த ரெஜிஸ்டரில், இரண்டாவதின் எண்ணிக்கை அந்த நினைவக முகவரியில்’ என்று. எல்லா இடத்துக்கும் எழுதினால் செதுக்கவே இடமிருக்காது. ஆகவே மெத்தடின் தொடக்கம், சுழற்சியின் முடிவு போன்ற சில நிறுத்தங்களுக்கு மட்டும் எழுதினார்கள். நிறுத்தங்களுக்கு நடுவே கம்பைலர் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்; நிறுத்தத்தில் மட்டும் கணக்கு நேராக வேண்டும். நிரலாளர் ‘நில்’ என்றதும் நிரல் அடுத்த நிறுத்தம்வரை ஓடி நிற்கும். அட்டவணையைப் பார்த்து ஒரே கட்டியாக இருந்ததை மூன்று தனி மெத்தட்களின் நிலையாகப் பிரித்துக் கட்டி, மதிப்புகளை அதனதன் இடத்தில் வைத்து, செதுக்காத வடிவத்திடம் ஓட்டத்தை ஒப்படைத்துவிடும். எழுதியவர் பார்க்கும்போது எல்லாம் அவர் எழுதியபடியே இருக்கும்.

அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே பிழை தேடுவதுதான் இருந்தது. பின்னாளில் ஜாவாவின் வேகத்தைத் தாங்கும் தூணாக அதே உத்தி நின்றது. நிரலாளரின் வசதியில் சமரசம் செய்யாமல் நின்றதன் பரிசாகத்தான் அந்தத் தூண் கிடைத்தது என்பது என் உறுதியான எண்ணம். வேகத்தை மட்டும் தேடிப் போயிருந்தால் அவர்கள் இந்த வழிக்கே வந்திருக்க மாட்டார்கள்.

செல்ஃபின் பயனர்கள் எக்காலத்திலும் சிறு கூட்டமே. 1994-ல் பாக்கும் ஹோல்ஸ்லேயும் வெளியேறி, டேவிட் கிரிஸ்வோல்ட், கிலாட் பிராகா, ராபர்ட் கிரீஸ்மர், ஸ்ர்ஜான் மித்ரோவிச் முதலியோருடன் அனிமார்ஃபிக் என்ற சிறு நிறுவனத்தில் சேர்ந்தார்கள். செல்ஃபில் கற்றதைக் கொண்டு ஸ்ட்ராங்டாக் என்ற பெயரில் அசாத்திய வேகமுள்ள ஒரு ஸ்மால்டாக்கைக் கட்டினார்கள். அது விற்பனைக்கு வரும் முன்பே காற்று திசைமாறியது.

மாற்றியது ஜாவா. சன் நிறுவனத்தில் 1991-ல் தொடங்கிய ஒரு திட்டத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் உருவாக்கிய மொழி 1995 மே மாதம் அறிவிக்கப்பட்டது; 1996 ஜனவரியில் முதல் பதிப்பு வந்தது. ஜாவா நிரலும் பைட்கோடாகவே ஊர் சுற்றும். இருநூறு சொச்சம் கட்டளைகள், ஒவ்வொன்றின் பெயரும் ஒரு பைட். எந்தக் கணினியில் போய் இறங்கினாலும் அங்கிருக்கும் விர்ச்சுவல் மெஷின் முதலில் அதைச் சோதனையிட்டு, பிறகு ஓட்டும். இணையம் பரவத் தொடங்கிய நேரத்தில் இது எல்லோரையும் இழுத்தது. ஆனால் முதல் பதிப்பு வெறும் இன்டர்பிரெட்டர். சி நிரலோடு ஒப்பிட்டால் பத்து மடங்குக்கும் மேல் மெதுவாக ஓடிய சந்தர்ப்பங்கள் சாதாரணம். பைட்கோடையே நேரடியாக ஓட்டும் பிகோஜாவா என்ற சில்லு வடிவமைப்பைக்கூடச் சன் முன்வைத்தது. மெத்தடை முதல் அழைப்பிலேயே மொழிமாற்றும் கம்பைலர்களை சைமன்டெக் போன்ற நிறுவனங்கள் விற்றன. டாய்ட்ச்–ஷிஃப்மன் காலத்து வழிதான் அது, ஓரளவு உதவியது.

அனிமார்ஃபிக் தன் எஞ்சினை ஜாவாவுக்குத் திருப்பியது. 1997-ல் சன் அந்த நிறுவனத்தையே வாங்கியது. தன் ஆய்வகத்தில் பிறந்து வெளியே போன அறிவை விலைகொடுத்து வீட்டுக்கு அழைத்துக்கொண்டது. 1999 ஏப்ரலில் ஹாட்ஸ்பாட் வெளிவந்தது. 2000-ல் ஜாவா 1.3 பதிப்பிலிருந்து அதுவே இயல்பான எஞ்சின் ஆயிற்று. பெயரின் பொருள் சூடான இடம். க்னூத் சொன்ன அந்த நான்கு சதவீதம்.

ஹாட்ஸ்பாட்டின் உள்ளே ஓர் உதாரணத்தோடு போய்ப் பார்ப்போம். ஒரு வங்கி நிரல் என்று வைத்துக்கொள்வோம். ‘கணக்கு’ என்று ஒரு கிளாஸ், அதில் ‘வட்டி’ என்றொரு மெத்தட், உள்ளடக்கம் இல்லாத வெறும் பெயராக. அதிலிருந்து கிளைத்தது ‘சேமிப்புக் கணக்கு’. அது வட்டியைத் தன் வழியில் கணக்கிடும். இரவு பத்து மணிக்கு லட்சக்கணக்கான கணக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து வட்டியைக் கூட்டும் சுழற்சி தொடங்குகிறது. முதலில் ஓட்டுவது இன்டர்பிரெட்டர். சுழற்சி ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ஓர் எண்ணி ஏறுகிறது. வட்டி மெத்தடின் எண்ணியும் ஏறுகிறது. அன்றைய ஹாட்ஸ்பாட்டில் இரண்டு கம்பைலர்கள் தனித்தனியாகக் கிடைத்தன. மேசைக் கணினிகளுக்கானது 1,500 அழைப்புகளில் விழித்துக்கொள்ளும். சர்வர்களுக்காகக் கிளிஃப் கிளிக் குழுவினர் எழுதியது 10,000 வரை பொறுத்திருந்து, பிறகு மிக ஆழமாகச் செதுக்கும். சுழற்சியோ ஒரே அழைப்புக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அது முடிந்து அடுத்த அழைப்பு வரும்வரை காத்திருந்தால் இரவே முடிந்துவிடும். ஆகவே சுழற்சியின் நடுவிலேயே இன்டர்பிரெட்டரின் நிலையைச் செதுக்கிய வடிவத்துக்கு மாற்றி ஏற்றிவிடுகிறது.

செதுக்கும்போது கம்பைலர் கேட்கும் கேள்வி: வட்டி என்ற மெத்தடுக்கு எத்தனை கிளாஸ்கள் உள்ளடக்கம் தந்திருக்கின்றன? ஜாவாவில் ஒரு கிளாஸ் முதன்முதலாகத் தேவைப்படும்போதுதான் நினைவகத்துக்குள் வரும். இந்தக் கணத்தில் அப்படி உள்ளடக்கத்தோடு வந்திருப்பது சேமிப்புக் கணக்கு ஒன்றே. அப்படியானால் எந்தச் சோதனையும் வேண்டாம். இனம் அதுதானா என்ற பார்வைகூட வேண்டாம். வட்டிக் கணக்கை நேரே சுழற்சிக்குள் எழுதிவிடு. நிரல் பறக்கிறது. முன்கூட்டியே மொழிமாற்றும் கம்பைலர் இந்தத் துணிச்சலைக் காட்ட முடியாது. நாளை எந்தக் கிளாஸ் எங்கிருந்து வந்து சேரும் என்று அதற்குத் தெரியாது. அதனால் எல்லாச் சாத்தியங்களுக்கும் தயாராகவே எழுத வேண்டும்.

நள்ளிரவில் யாரோ நிரலின் வேறொரு பகுதியைத் தொடுகிறார்கள். ‘வைப்புக் கணக்கு’ என்ற புதிய கிளாஸ் நினைவகத்துக்குள் நுழைகிறது. அதற்கும் ஒரு வட்டி மெத்தட் உண்டு. கம்பைலர் நம்பியது பொய்யாகிவிட்டது. ஹாட்ஸ்பாட் எந்தச் செதுக்கிய நிரல் எந்த நம்பிக்கையின் மேல் நிற்கிறது என்று பட்டியல் வைத்திருக்கிறது. அதைப் பார்த்து, பாதிக்கப்பட்ட இயந்திர மொழிக்குள் இனி யாரும் நுழையாதபடி வாசலை அடைக்கிறது. ஏற்கெனவே உள்ளே ஓடிக்கொண்டிருப்பவர்களை? அங்கேதான் 1992-ன் அட்டவணை கைகொடுக்கிறது. நிறுத்தத்தில் நிறுத்தி, மொத்தம் எவ்வளவு, எத்தனையாவது கணக்கு என்ற மதிப்புகளை ரெஜிஸ்டர்களிலிருந்து பொறுக்கியெடுத்து, இன்டர்பிரெட்டர் புரிந்துகொள்ளும் நிலையைக் கட்டி, விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்கிறது. ஒரு ரூபாய்கூடப் பிசகாது. எண்ணிகள் மறுபடி ஏறும். கம்பைலர் மறுபடி வரும். இந்த முறை இரண்டு வகைக் கணக்குக்கும் சேர்த்துச் செதுக்கும்.

இதே தைரியத்தை ஹாட்ஸ்பாட் எங்கெங்கும் காட்டுகிறது. ஒரு நிபந்தனையின் ஒரு கிளை இதுவரை ஒருமுறைகூட நிகழவில்லையா? அந்தக் கிளைக்கு இயந்திர மொழியே எழுதாது. என்றாவது நிகழ்ந்தால் இன்டர்பிரெட்டருக்குத் திரும்பிவிடும் ஒரு பொறியை மட்டும் அங்கே வைத்துவிடும். ஒரு மாறி வெறுமையாக இருக்குமோ என்று ஒவ்வொரு முறையும் சோதிப்பதற்குப் பதில், இருக்காது என்று நம்பி நேரே தொட்டுவிடும். வெறுமையாக இருந்தால் இயங்குதளம் எழுப்பும் நினைவகப் பிழையைப் பிடித்துக்கொண்டு அதன்பின் சுதாரிக்கும். திரும்பிப் போக வழி இருப்பதால்தான் இத்தனை துணிவு.

1999-க்குப் பிறகான கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அது பெரும்பாலும் பரவிய கதை. லார்ஸ் பாக் டென்மார்க் திரும்பி, ஓர்ஹூஸில் ஒரு பண்ணை வீட்டை அடுத்த கட்டடத்தில் அமர்ந்து கூகுளுக்காக வி8 எஞ்சினை எழுதினார். 2008 செப்டம்பரில் க்ரோம் ப்ரௌசரோடு அது வந்தபோது, இணையப் பக்கங்களின் மொழியான ஜாவாஸ்கிரிப்டின் வேகத்தைப் பற்றிய எதிர்பார்ப்பே மாறிப்போனது. அதன் அடியில் இருந்தது செல்ஃபின் பொதுவரைபட யோசனை. ஹோல்ஸ்லே கூகுளின் முதல் பத்து ஊழியர்களில் ஒருவராகச் சேர்ந்து அதன் கணினிக் கட்டமைப்பை எழுப்பினார். ஹாட்ஸ்பாட்டின் மூல நிரலைச் சன் 2006-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. விற்பனைக்கே வராத ஸ்ட்ராங்டாக்கையும் அதே ஆண்டு திறந்தது. ஜாவா 8 பதிப்பு 2014-ல் வந்தபோது ஹாட்ஸ்பாட்டின் இரண்டு கம்பைலர்களும் இயல்பாகவே படிப்படியாகச் சேர்ந்து உழைக்கத் தொடங்கின.

ஆண்ட்ராய்டின் வழி கொஞ்சம் சுற்றுவழி. 2010-ல் 2.2 பதிப்பில் ஓட்டத்தின் நடுவே மொழிமாற்றும் கம்பைலரைச் சேர்த்தது. 2014-ல் 5.0 பதிப்பில் அதைக் கைவிட்டு, செயலியை நிறுவும்போதே முழுவதையும் மாற்றிவிடும் வழிக்குப் போனது. அந்நாட்களில் போனை அப்டேட் செய்தால் ஒவ்வொரு செயலியாக எண்ணிக்கொண்டே நெடுநேரம் காத்திருக்க வைத்தது பலருக்கு நினைவிருக்கும். 2016-ல் 7.0 பதிப்பில் இரண்டையும் கலந்தார்கள்: முதலில் ஓட்டிப் பார்ப்பது, சூடான இடங்களைக் குறித்துக்கொள்வது, போன் சார்ஜில் சும்மா இருக்கும்போது அவற்றை மட்டும் மாற்றி வைப்பது. மைக்ரோசாஃப்டின் நிரல் தளமான டாட்நெட் 2002-லிருந்தே மெத்தடை முதல் அழைப்பில் ஒருமுறை மாற்றி, கடைசிவரை அதோடு இருந்துவிடும் வழியில்தான் நெடுங்காலம் நடந்தது. படிப்படியாகச் செதுக்குவது அங்கே இயல்பானது 2019-ல்; ஓட்டத்தில் கிடைத்த குறிப்புகளைக் கொண்டு செதுக்குவது இயல்பானது 2023-ல்.

இந்த வழிக்கு விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஜாவா நிரல் தொடங்கியதும் முதல் சில விநாடிகளோ நிமிடங்களோ சூடேறும்வரை மெதுவாகத்தான் ஓடும். சிறிது நேரமே ஓடி முடியும் நிரலுக்கு இந்த உழைப்பெல்லாம் வீண். எண்ணிகள், அட்டவணைகள், இரண்டு மூன்று வடிவங்கள் என்று நினைவகம் செலவாகும். ஓட்டத்தின் நடுவே இயந்திர மொழியை எழுதி உடனே ஓட்டும் அனுமதி, தாக்க நினைப்பவருக்கும் ஒரு வாசல். கம்பைலரின் ஊகத்தில் ஒரு சிறு ஓட்டை இருந்தாலும் அதன் வழியே ப்ரௌசருக்குள் நுழைந்துவிடுவார்கள். ஐபோனில் வெளியார் செயலிகளுக்கு அந்த அனுமதியை ஆப்பிள் பொதுவாகத் தராததற்கு இது முக்கியமான காரணம்.

என்றாலும், அடுத்த ஆண்டே சந்தைக்குப் பயன்படுமா என்ற ஒரே கேள்வியால் ஆய்வுகளை அளப்பவர்கள் செல்ஃபின் கணக்கைப் பார்க்க வேண்டும். 1994-ல் பார்த்தவர்களுக்கு, அதை மூடினால் யாருக்கும் நஷ்டமில்லை என்றே தோன்றியிருக்கும். ஐந்தே ஆண்டில் ஜாவாவின் அடித்தளமே அதுவானது.

கணினி படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பைட்கோடை இயந்திர மொழியாக்குவது விர்ச்சுவல் மெஷின் என்று ஒரே வரியில் தேர்வுக்கு எழுதிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் கணினியில் ஜாவா இருந்தால், ஒரு நீண்ட சுழற்சியை எழுதி, ‘பிரின்ட்கம்பைலேஷன்’ என்ற விருப்பத்தைச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். எந்த மெத்தட் எப்போது செதுக்கப்பட்டது என்று வரிவரியாகத் திரையில் ஓடும். சில வரிகளின் முடிவில் ‘மேட் நாட் என்ட்ரன்ட்’ என்று இருக்கும். அந்த வடிவத்தின் வாசலை ஹாட்ஸ்பாட் அடைத்துவிட்டது என்று பொருள். மேலான வடிவம் தயாரானதாலும் அடைத்திருக்கலாம், ஊகம் பொய்த்ததாலும் அடைத்திருக்கலாம். எது என்று கண்டுபிடியுங்கள். மூல நிரல் திறந்தே கிடக்கிறது.

(தொடரும்)